பூக்க விடாத விரல்கள்

பெற்றவர்கள் ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். தெருவுக்கே அவள் கிள்ளி. மூலிகைக் கடைக்காரருக்குக் கிள்ளியக்கா. எதிர்வீட்டுத் தையல்காரிக்கு, அவள் முதுகுக்குப் பின்னால் மட்டும், கிள்ளிக் கிழவி. ஐம்பதைத் தாண்டி அதிக நாள் ஆகாதவளைக் கிழவி என்பது அநியாயம்தான். தையல்காரிக்கு நியாயம் அநியாயம் எல்லாம் துணியை அளக்கும்போது மட்டும்தான்.

பெயர் வந்த வழி இதுதான். கிள்ளியின் பிழைப்பு திருநீற்றுப் பச்சிலை. துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லத்தக்க செடி. இலை அக்காவுடையதைவிடச் சற்று அகலம், பளபளப்பு. வாசனையோ, உரசிக்கொண்டு போனவர்களின் துணியில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வரும். காதில் வலி என்றால் இதன் சாற்றைச் சூடு காட்டிச் சொட்டு விடுவார்கள். குமட்டல் என்றால் இரண்டு இலையைக் கசக்கி முகரக் கொடுப்பார்கள். முகப்பருவுக்குத் தடவுகிறவர்களும் உண்டு. கொசுவுக்குச் சன்னலில் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. கடையில் சப்ஜா விதை என்று விற்கிறார்களே, தண்ணீரில் போட்டால் தவளை முட்டை போல ஊதிக்கொள்வது, அதுவும் இதன் விதைதான். கிள்ளியிடம் வாடிக்கையாய் இலை எடுத்தவர் கூந்தல் எண்ணெய் காய்ச்சுகிற ஒருவர். மிச்சம் மூலிகைக் கடைக்கும் மாலை கட்டுகிறவர்களுக்கும் போகும்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். செடியைப் பூக்க விடக்கூடாது. கல்யாண ஆசை வந்த பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை போவதுபோல, பூக்கும் ஆசை வந்த செடிக்கு இலைமேல் அக்கறை போய்விடும். இலை சிறுத்து, தடித்து, கசந்து போகும். ஆகவே நுனியில் மொட்டுக் கதிர் தலைகாட்டியதுமே இரண்டு இலைக்கு மேலாகப் பிடித்து நகத்தால் நறுக்கென்று கிள்ளிவிட வேண்டும். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும். மறுபடி கிள்ள வேண்டும். இப்படியே கிள்ளிக் கிள்ளி அவளுடைய வலது கைப் பெருவிரல் நகமும் ஆள்காட்டி விரல் நகமும் பாசி படிந்த கல் மாதிரி நிரந்தரமாய்க் கருத்துவிட்டன. எந்தச் சோப்புக்கும் அந்தக் கறை அசைந்து கொடுத்ததில்லை.

அந்த விரல்கள்தான் அவள் வாழ்க்கையில் பெரிய வினையைச் செய்தன. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் இளம் வயதிலேயே ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். புருஷன் வேறொரு ஊரில் வேறொரு குடித்தனம் வைத்துக்கொண்டுவிட்டான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அண்ணன், தங்கையை ஒரு கேள்வி கேட்கவில்லை. "பின்னால இடம் சும்மாதான் கிடக்கு. எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான். எண்ணெய்ப் பட்டறையில் காம்பிலிருந்து இலை உருவும் வேலைக்குப் போனவள், அங்கே குப்பையில் எறிந்த தண்டுகளைக் கொண்டுவந்து அந்த மண்ணில் குத்திவைத்தாள். குத்தினதெல்லாம் வேர் பிடித்தது. பிறகு அவள் கூலிக்குப் போகவில்லை. பட்டறைக்காரர்தான் அவள் வாசலுக்கு வந்தார்.

அண்ணிக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. ஒருத்தி மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள், ஒருத்திக்கு வாய் ஓயாது. "அண்ணிகிட்ட ஒரு பதில் வாங்கறதுக்குள்ள உலை கொதிச்சு அடங்கிடும்" என்று கிள்ளி சொல்வாள். "அவ பேசி முடிக்கறதுக்குள்ள சோறே ஆறிடும்" என்பாள் அண்ணி. நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன், இரண்டு பெண்களுக்கும் பயந்து தேனீ வளர்த்தார். பணிமனையில் ஓடாமல் கிடந்த பேருந்தின் இருக்கைக்கு அடியில் கூடு கட்டியிருந்ததை மரப்பெட்டிக்கு மாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். "கொட்டறதுல இதுங்களே தேவலாம்" என்று வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் ஒருநாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்தாள். அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. கிள்ளி கஞ்சியைக் கொண்டுபோய் வைப்பாள், ஆறிய கஞ்சியை எடுத்து வருவாள். அண்ணியின் மகளோ கடல் தாண்டி இருந்தாள்; போனில் அழுதாள், அதற்குமேல் அவளால் என்ன முடியும்? பிறகு ஒரு காலையில் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கிள்ளி எட்டிப் பார்த்தபோது அண்ணி தேன்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூடியைத் திறந்து, அடை தொங்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணி, கொட்டிடப் போகுது!"

"கொட்டட்டும். உங்க அண்ணன் போனது இதுங்களுக்குத் தெரியாது. பசின்னு மட்டும்தான் தெரியும்."

அன்று அண்ணி கஞ்சியைக் குடித்தாள்.

அது முதல் அவள் எழுந்தது, குளித்தது, வெயிலில் வந்து உட்கார்ந்தது எல்லாம் அந்தப் பெட்டியை நம்பித்தான். ஆனால் ஈக்குப் பூ வேண்டுமே! சுற்றிலும் வீடும் மதிலும் சிமெண்ட் தரையுமாகிவிட்ட பகுதி அது. கொல்லையில் இருந்த பச்சிலைப் பாத்தியைவிட்டால், சாலை ஓரத்துக் களைச்செடிகள்தான் பூப்பவை. ஒருநாள் அண்ணி, தன் வழக்கத்துக்கு மாறாக நீளமாய்ப் பேசினாள்.

"பாத்தியில பாதியைக் கிள்ளாம விட்டுடேன். பூத்துக்கட்டும்."

"பாதியா? என் வயித்துல பாதியைக் கேக்கறீங்க அண்ணி."

"சரி, விடு."

அந்த 'விடு' கிள்ளியை என்னவோ செய்தது. மறுநாளே பாத்திக்குக் குறுக்கே ஒரு துணிக்கயிற்றைக் கட்டினாள். "இந்தப் பக்கம் என் நாடு, அந்தப் பக்கம் உங்க ஈ நாடு. எல்லை தாண்டினா சண்டைதான்" என்றாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கதிர் கதிராகப் பூத்தது. காலையில் அந்தப் பக்கம் நின்றால் மாவரைக்கும் இயந்திரம் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு ரீங்காரம்.

அண்ணிக்கு ஒரு தம்பி. ஊருக்கு வெளியே, வயல்வெளிப் பக்கம் வீடு. நாற்காலி மேசை ஏற்றி இறக்குகிற சிறிய வேன் ஒன்று வைத்திருந்தான். மாதம் தவறாமல் வந்து ஒரே பாட்டைப் பாடுவான்.

"அக்கா, எங்கூட வந்துடு. இங்க யாருக்கா இருக்கா உனக்கு?"

துணி துவைத்துக்கொண்டிருந்த கிள்ளி, 'நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு காதைத் தீட்டினாள்.

"ஈயை விட்டுட்டு எப்படிடா வர்றது?" என்றாள் அண்ணி.

கிள்ளியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. ஆக, ஈதான் அண்ணியை இந்த வீட்டில் கட்டிவைத்திருக்கிறது. ஈ இருக்கிறவரை அண்ணி இருப்பாள். ஈ போனால், காலி அறைகளும் தானும் மட்டும். வாழ்நாளெல்லாம் யாரோடு மல்லுக்கு நின்றாளோ, அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே கிள்ளிக்குப் பிடிக்கவில்லை. பாசம் என்று அதற்குப் பெயர் வைக்க அவள் ஒப்பவில்லை. பழகிப்போச்சு, அவ்வளவுதான் என்று துணியை ஓங்கி அடித்தாள்.

இனித்தான் அந்த விரல்கள் செய்த வேலை.

ஒரு காலை எண்ணெய்க்காரர் வந்தார். இலைக்கட்டை வாங்கி ஸ்கூட்டரில் வைத்துவிட்டு வழக்கம்போல ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். பாத்தி ஓரமாகப் பேசிக்கொண்டே நடந்தார், கேட்டுக்கொண்டே கிள்ளியும் நடந்தாள்.

"ஒருத்தர் வந்தாரும்மா பட்டறைக்கு. வழுக்கை. உங்க எண்ணெய் தடவினேன், முடி வந்திருக்குன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கே, தலையைக் காட்டுங்கன்னேன். தலையில இல்லைங்க, தலையணையிலன்னுட்டார்!"

கிள்ளி சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவர் அடுத்த கதைக்குப் போனார், அதற்கும் சிரித்தாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். கிள்ளிய விரல் மட்டும் சும்மா இருக்குமா? எண்ணெய்க்காரர் விடைபெற்றுக்கொண்டு போனபிறகு குனிந்து பார்த்தாள். மடி நிறைய வெள்ளைக் கதிர்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஈ நாடு முழுவதும், ஒரு பூ இல்லாமல் மொட்டையாய் நின்றது.

கள்வன் பொருளை ஒளிப்பதுபோல அத்தனை கதிரையும் எருக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது கிள்ளிக்கு.

ஒரு பாத்திப் பூ இல்லாததால் ஒரு பெட்டி ஈயும் பட்டினி கிடக்குமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதே வாரம் சாலை ஓரத்தில் கல் பாவ வந்தவர்கள் களைச்செடிகளை வேரோடு வாரிக்கொண்டு போனார்கள். ஆகவே இத்தனை குற்றம் விரல்மேல், இத்தனை குற்றம் மண்வெட்டிமேல் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கிள்ளி பிரிக்கவில்லை. முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

அண்ணி சர்க்கரைப் பாகு வைத்துப் பார்த்தாள். ஈயைவிட எறும்புக்குத்தான் அது கொண்டாட்டமாகிவிட்டது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தவள், "காத்தாட்டம் இருக்கு" என்றாள். பிறகு போனை எடுத்துத் தம்பியிடம் பேசினாள். "இதுங்க ரொம்ப நாள் தங்காதுடா. நீ வா" என்றது கிள்ளியின் காதில் விழுந்தது. சமையலறையில் வெங்காயம் எதுவும் நறுக்காமலே அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது.

தம்பி வேனோடு வந்தான். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி முன்னமே ஒரு பையில் துணிகளை அடுக்கி வைத்திருந்தாள். அவன் அதை எடுத்து வேனின் பின்பக்கம் வைத்தான். கிள்ளி பாத்தியில் குனிந்து, கிள்ள எதுவுமே இல்லாத செடிகளில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பெட்டியிலிருந்து அந்த ஓசை எழுந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்ததுபோல வாசல் துளை வழியாக ஈக்கள் கொட்டின. கொல்லைக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு புகை சுழன்றது. சுழன்று, மதிலைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, வாசலில் நின்ற வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கொத்தாகத் தொங்கியது.

"அக்கா! என் வண்டி!" என்று அலறிக்கொண்டு தம்பி வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து தையல்காரியின் குரல் வந்தது: "கிள்ளியக்கா, உங்க வீட்டு ஈயும் வண்டி ஏறி ஊருக்குக் கிளம்பிடுச்சா?"

அண்ணி வாசற்படியில் நின்றாள். நகரவில்லை. புருஷன் விட்டுப்போனது, கண்ணெதிரே கிளம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் ஒரே மூச்சில் எழுந்து போய்விடும்.

கிள்ளிக்கு ஈ என்றால் உயிர்ப்பயம். இத்தனை காலத்தில் அந்தப் பெட்டியை அவள் ஒருதரம்கூடத் தொட்டதில்லை. அன்று ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கினாள். இலையை ஒரு கை பிடுங்கிக் கசக்கி, சாறு வழிய வழியப் பெட்டியின் உள்பக்கமெல்லாம் தேய்த்தாள். அந்த மணத்துக்கு ஈ மயங்கி வரும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே செய்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பெட்டியோடு வேன் பக்கத்தில் போய் நின்றபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி! இப்ப என்ன பண்ணணும்? வாயைத் திறங்க! இன்னிக்காவது திறங்க!"

அண்ணியின் உதடு அசைந்தது. "கீழே... கொத்துக்குக் கீழே பிடி."

"பிடிச்சுட்டேன்."

"மூச்சை அதுங்க மேல விடாதே."

"மூச்சு இருந்தாத்தானே விடறதுக்கு!"

"ஒரு கொப்பு எடுத்து மெல்ல வழிச்சு விடு. மெல்ல. குழந்தைக்குத் தலை சீவற மாதிரி."

கிள்ளி பச்சிலைக் கொப்பால் வழித்தாள். கொத்து கனமாக, ஈரத்துணி விழுவதுபோலப் பெட்டிக்குள் விழுந்தது. கழுத்தில் ஒன்று, புறங்கையில் இரண்டு கொட்டின. அவள் கத்தவில்லை. பெட்டியை வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி வந்து நின்றாள். அண்ணி படியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"வாசல்ல நின்னு பின்பக்கத்தைத் தூக்கிட்டு றெக்கை அடிக்குது பாரு. ராணி உள்ள போயிட்டா. மத்ததும் வந்துடும்."

வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளி மணி அடித்ததும் வரிசையில் போகிற பிள்ளைகளைப்போல உள்ளே நடந்தன.

கிள்ளி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கொட்டின இடத்தில் இலையைத் தேய்த்துக்கொண்டே, அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது.

"நான்தான் அண்ணி. உங்க பக்கத்துப் பூவெல்லாம் நான்தான் கிள்ளிப்போட்டேன். வேணும்னு இல்ல. பேச்சு வாக்குல கை போயிடுச்சு. எருக்குழியில போட்டு மூடிட்டேன். என்னைத் திட்டுங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"சன்னல்ல இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டு ஏன் சும்மா இருந்தீங்க? ஒரு குரல் குடுக்கறதுக்கு என்ன?"

அண்ணி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே. அதை எப்படிம்மா நிறுத்தறது?"



கொஞ்சம் தெளிந்ததும் அவளே எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, பெட்டி நிறைஞ்சுடுச்சு. இனிமே போக மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"ஈ நாளைக்கு மறுபடியும் போயிடும் கிள்ளி. இங்க பூ எங்க இருக்கு? சோறு இல்லாத வீட்டுல யார் தங்குவா?"

உண்மைதான். தம்பியின் ஊரில் எள்ளும் சூரியகாந்தியும் கண்ணுக்கு எட்டியவரை பூத்துக் கிடக்கின்றன என்பது கிள்ளிக்கும் தெரியும். இத்தனை கொட்டு வாங்கியது ஈக்களை இங்கே பிடித்து வைக்கத்தான். ஆனால் பிடித்து வைத்தால் சாகும். கொட்டு வாங்கிய புறங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப கூட்டிட்டுப் போங்க அண்ணி. அதுங்களும் பொழைக்கும், நீங்களும் நல்லா இருப்பீங்க. நான் இங்கயே இருந்துக்கறேன். எனக்கென்ன, இலை இருக்கு."

அண்ணி சமைக்கப் போனாள்.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பறந்து திரிகிற ஈயெல்லாம் பெட்டிக்குள் அடங்க அந்தி சாய வேண்டும், அதுவரை வேனை எடுக்கக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள். தம்பி கண்ணாடியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே தூங்கி விழுந்தான். வெளிச்சம் குறைந்ததும் அண்ணி பெட்டியின் வாசலைத் துணியால் அடைத்துக் கயிற்றால் கட்டி, தானே வேனில் ஏற்றி, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் சாக்கைச் சொருகினாள்.

"ஏறுக்கா, போலாம்" என்றான் தம்பி.

"நீ போ. பெட்டிக் கால் நாலுக்கும் கீழே தண்ணிக் கிண்ணம் வை, எறும்பு ஏறாது. வாசல் கிழக்கே பாக்கணும். மேடு பள்ளத்துல மெதுவா ஓட்டு."

"நான் மட்டுமா? நீ?"

"நான் எங்க வர்றது? ஈக்குப் பூ வேணும், அதனால அது வருது."

"ஈயை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு கேட்டியேக்கா! இப்ப ஈயே வருதே!"

"அப்ப வேற என்னடா சொல்லச் சொல்றே? இந்த வாயாடியை விட்டுட்டு வர முடியாதுன்னா? அவ காதுல விழுந்தா தலைமேல ஏறிக்குவா."

வாயாடி கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. ஆனால் தலைமேல் ஏறும் நிலையில் அவள் இல்லை. கதவின் பழைய ஆணி ஒன்றைக் கருத்த நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். வேன் தெருமுனையில் ஆமை வேகத்தில் திரும்பும்வரை இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். அது மறைந்த பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது.

"ஐயோ, என் துணிப்பை! அவன் வண்டியிலேயே போயிடுச்சே!"

"மாத்துத்துணி ஒண்ணுகூடவா வீட்டுல வைக்கல?"

"எல்லாத்தையும்தானே அடுக்கினேன். மனசுல முடிவு பண்ணது மத்தியானம்தான்."

கிள்ளி தன் தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு இடையில் பூச்சி வராமல் போட்டிருந்த காய்ந்த பச்சிலையை உதறிவிட்டு, ஒரு நைட்டியை எடுத்து நீட்டினாள். அண்ணி உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். கிள்ளிக்குத் தரையைத் தொடும் நைட்டி, நெட்டை அண்ணிக்குக் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. வந்ததும் வராததுமாக ஒரு தும்மல், அதன்பின் இன்னொன்று.

"என்ன கிள்ளி இது, இந்த நாத்தத்துலயா தினமும் படுத்துத் தூங்கறே?"

"நாத்தமா? ஊரே இந்த வாசனைக்குத் தலையைக் குடுக்குது, உங்களுக்கு நாத்தமா?" கிள்ளி இடுப்பில் கை வைத்தாள். "பிடிக்கலைன்னா கழட்டிக் குடுங்க. வேன் ரொம்ப தூரம் போயிருக்காது."

அண்ணி மூன்றாவது முறை தும்மினாள். பிறகு, நைட்டியின் கழுத்துப் பட்டையை இழுத்து மூக்கில் வைத்து ஒருமுறை நன்றாக முகர்ந்துவிட்டு, "பாத்திரத்தைக் கழுவிட்டு வா, கதவைச் சாத்தணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.